யூத வாத்தியார் சக்கரபாணி

திருவண்ணாமலையில் சரித்திர வாத்தியார் சக்கரபாணி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் விழிப்பார்கள். யூத வாத்தியார் என்றால் டீக்கடைக்காரரே வாசல்வரை வந்து காட்டிவிட்டுப் போவார். மனிதர் என்னவோ நெற்றி நிறைய விபூதி பூசும் கீழ்பென்னாத்தூர்க்காரர்தான். எந்த யூதரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் ஒரு புத்தகம் செய்த வேலை.

மலை சுற்ற வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது சுமை தாங்காமல் புத்தகங்களைச் செங்கம் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் தள்ளிவிட்டுப் போவார்கள். தொண்ணூற்றொன்றில் அங்கே அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. ஆயிரம் வருஷத்துக்கு முன் ரைன் நதிக்கரை ஊர்களில் வாழ்ந்த யூதர்களைப் பற்றியது. அதற்கப்புறம் எதிரில் உட்கார்ந்தவர் தப்ப முடியாது. அரிசி விலை பற்றிப் பேச்செடுத்தாலும் ரைன் கரை மைன்ஸ் நகரத்தில்தான் போய் நிற்கும். "நம்ம கோயில் கல்வெட்ட படிக்கத் தெரியாது, அந்த ஊரு சாமியார் பேரு மட்டும் வரிசையா வருது" என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் இப்படிப் படித்துக்கொண்டிருக்க முடிந்ததே அண்ணனால்தான். தம்பி படிக்கட்டும் என்று அண்ணன் சொந்த ஊரில் நிலத்தோடு நின்றுவிட்டார். தொண்ணூற்றைந்தில் அந்த அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லாத அண்ணி வெள்ளையம்மாள் தனியாக வேர்க்கடலை போட்டு வந்தாள். தண்ணீர் கூட்டுக் கிணற்றிலிருந்து. பங்குதாரர்கள் முறை வைத்து மோட்டார் போடுவார்கள். பக்கத்து நிலத்து இராமலிங்கம், ஊரில் விழாக் குழுத் தலைவர், "ஒத்தப் பொம்பளைக்கு முறை எதுக்கு?" என்று அவள் முறையையும் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

தொண்ணூற்றேழு ஆனியில் அதைச் சொல்லி அழத்தான் வெள்ளையம்மாள் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்தாள். அன்று பார்த்து நூலகத்தில் சக்கரபாணியின் பேச்சு. "உட்காருங்க அண்ணி, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்.

அன்று அவர் பேசியது உண்மையிலேயே நல்ல பேச்சு. அந்த ஊர்களில் ரபி என்ற குருமார்தான் வேதமும் சொல்வார்கள், வழக்கும் தீர்ப்பார்கள் என்றார். திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைத்துக்கொண்டு கூலி வாங்காமல் படிப்புச் சொன்ன ரபிகளும் இருந்தார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழக்கத்தைச் சொன்னார். அநியாயம் நடந்து, கேட்க நாதியில்லாமல் போனவன் ஜெபக்கூடத்தில் எழுந்து வழிபாட்டையே நிறுத்தலாம். ஏழையானாலும் சரி, விதவையானாலும் சரி. முதலில் சின்ன வழிபாட்டில் நிறுத்திக் கேட்க வேண்டும். அதற்கும் காது கொடுக்காவிட்டால் ஊரே கூடியிருக்கும் பெரிய நாளில் நிறுத்தலாம். குறையைக் கேட்டுப் பதில் சொல்லாமல் வேதச் சுருளைப் பிரிக்கக் கூடாது. கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வெளியே வந்ததும் வெள்ளையம்மாள் கேட்டாள்: "ஏன் தம்பி, பூசைய நிறுத்தினா சாமிக்குக் கோவம் வராதா?"

"எப்படி அண்ணி வரும்? குறை கேக்கறதுதானே சாமி வேலையே!"

தண்ணீர் விஷயத்துக்கு, "இராமலிங்கத்துகிட்ட நான் பேசறேன்" என்று சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டார்.

பேசப் போகவும் செய்தார். வாசலுக்கே வந்து வரவேற்ற இராமலிங்கம், "வா வாத்தியாரே, இந்த ஆடிக்கு நீதான் மொத மரியாதை. பரிவட்டம் உனக்குத்தான்" என்றார். ஊரில் சக்கரபாணி குடும்பத்தில் யார் தலையிலும் பரிவட்டம் ஏறியதில்லை. குளிர்ந்துபோன மனுஷர் காபி குடித்துவிட்டு, தண்ணீர் என்ற வார்த்தையே எடுக்காமல் திரும்பி வந்தார்.

ஆடியில் கூழ் ஊற்றும் நாள். தலையில் பரிவட்டத்தோடு, கையில் மைக்கோடு மாரியம்மன் கோயில் முன்னால் நின்றார் சக்கரபாணி. பம்பை முழங்கியது. பூசாரி கரகத்தைத் தலையில் ஏற்றி முதல் அடி வைக்கப்போன நேரம் வெள்ளையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள்.

"என் தண்ணி முறைக்கு ஒரு பதில் சொல்லிட்டுக் கரகத்த எடுங்க. மூணு வெள்ளிக்கெழம பூசையிலயும் நிறுத்திக் கேட்டுட்டேன். ஒருத்தரும் காது குடுக்கல. கடலையெல்லாம் காயுது."

பம்பை நின்றது. இராமலிங்கம் சக்கரபாணியைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளையம்மாளும் அவரைத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் துளியும் இல்லை. தம்பி சொன்ன முறைப்படிதான் எல்லாம் செய்திருக்கிறேன், மீதியைத் தம்பி பார்த்துக்கொள்ளும் என்ற தெம்பு. சின்னப் பூசை, பெரிய பூசை வரிசைகூடத் தப்பவில்லை.

ஒரு வார்த்தை போதும். "அண்ணி கேக்கறது நியாயம்" என்றால் முடிந்தது. தலையில் பரிவட்டம் இருக்கிற மனுஷன் சொன்னால் இராமலிங்கத்தால் அந்த இடத்தில் மறுக்கவே முடியாது. சக்கரபாணிக்கு இது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அண்ணி, சாமி காரியத்துல இதெல்லாம் வேணாம். நகருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

ஸ்பீக்கர் கட்டிய தெருவெல்லாம் அது கேட்டது. இராமலிங்கம் சொல்லியிருந்தால் அவள் நகர்ந்திருக்க மாட்டாள். இவர் சொன்னதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். கரகம் புறப்பட்டது. "படிச்சவன் படிச்சவன்தான்!" என்று இராமலிங்கம் தோளில் தட்டினார். சக்கரபாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையிலிருந்த துணியைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தார். ஊர் பார்க்கிறதே என்று அதையும் செய்யாமல் தெருத் தெருவாக நடந்தார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார். திட்டுவாள், திட்டினால் தேவலை என்றுதான் போனார். அவள் சொம்பில் கூழ் ஊற்றி, தொட்டுக்கொள்ள வெங்காயம் எடுத்து வைத்தாள்.

"மனசுல எதுவும் வெச்சுக்காத தம்பி. அவ்ளோ ஜனத்துக்கு முன்னாடி உன்ன சங்கடப்படுத்திட்டேன். அது எங்கியோ இருக்கிற ஊரு சமாச்சாரம். நீ ஏதோ பேசறதுக்குச் சொன்னத நான் நெசம்னு எடுத்துக்கினேன்."

சக்கரபாணி சொம்பைக் கையில் எடுத்தார். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் அவளே மன்னிப்புக் கேட்டுவிட்டாள். செத்துவிடலாம் போலிருந்தது. "அந்தத் தண்ணி விஷயம்…" என்று இழுத்தார்.

"அத வுடு. கடல இனிமே தேறாது. இராமலிங்கமே ஆள் வுட்டாரு. நீ சொன்னதும் மரியாதையா நகர்ந்துட்டேனாம், அதுல அவருக்கு ரொம்ப சந்தோஷமாம். நாளையிலருந்து அவரு கொல்லையில களையெடுக்க வரச் சொல்லியிருக்காரு. உன்னாலதான் தம்பி, நல்லாயிரு."

சொம்பில் இருந்த கூழை அவர் முழுக்கக் குடித்தார். கீழே வைத்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும்.