அடைக்கப்பட்ட வாய்

பாதாள ரயிலுக்குக் காத்திருக்கும்போது, நடைமேடை முடிந்து சுரங்கம் தொடங்கும் இடத்தில் சுவரைச் சுற்றி ஓடும் கையகல இடைவெளியைப் பார்த்திருக்கிறீர்களா? "ஐயோ, விரிசல்!" என்று புகார் எழுதியது நீங்கள்தானா?

அந்தப் புகார் கடைசியில் சுத்தியக்காவின் தலையில்தான் விடிந்தது. சுரங்கச் சுவரைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழுது பார்க்கும் குழுவுக்குத் தலைவி அவள். அந்த இடைவெளியை அவள் குழு 'வாய்' என்றுதான் சொல்லும். நிலம் அதிர்ந்தால் நிலையம் ஒரு பக்கம் ஆடும், சுரங்கம் இன்னொரு பக்கம் ஆடும். இரண்டும் மோதி நொறுங்காமல் இருக்கத்தான் நடுவில் ரப்பர் வைத்து வாய் விட்டிருக்கிறார்கள்.

அவள் விடுப்பு முடிந்து வந்து பார்த்தால், வாய் முழுக்க சிமெண்ட். மேலே பளிச்சென்று வெள்ளை வேறு! அவள் தம்பி ரயில் ஓட்டுவது அதே தடத்தில்.

நேரே அதிகாரியிடம் போனாள். "வாயை ஏன் சார் அடைச்சீங்க? நெலம் ஆடுனா செவரு எங்க போயி நெளியும்?"

"எனக்குத் தெரியாததையா சொல்ற? தெனம் புகார் வருது, யாரு பதில் சொல்றது? என்னைக்கோ வர்ற பூகம்பத்துக்கு இன்னைக்கே குடை பிடிக்காத."

"அது உங்க கிட்ட கேட்டுட்டா சார் வரும்?"

கேட்காமலேதான் வந்தது. லேசான குலுக்கல், வாளித் தண்ணீர் தளும்பும் அளவு. அடைத்த இடத்தை ஒட்டிச் சுவர் பிளந்து, பெரிய கான்கிரீட் துண்டு தண்டவாளத்தில் விழுந்தது. தம்பி பிரேக் போட்டு, துண்டை முட்டாத குறையாக ரயிலை நிறுத்தினான்.

"தெய்வாதீனமா தப்பிச்சோம்மா" என்றார் அதிகாரி.

"தெய்வம் இல்ல சார், பிரேக்கு. போட்டது என் தம்பி."

அதோடாவது புத்தி வந்ததா? பிளவையும் சேர்த்துப் பூச சிமெண்ட் மூட்டை வந்து இறங்கியது. சுத்தியக்கா ஏறி அதன் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்கும்மா, மானம் போகுது."

"போறது மானம் மட்டும்னா நானே பூசியிருப்பேன் சார். வாயைத் திறங்க, எறங்கறேன்."

அவளை வேலையை விட்டு நிறுத்தி, அவள் வாயையும் அடைத்தார்கள். மறுநாளே சுவரைப் பூசி, வெள்ளையடித்தார்கள். இன்று காலை தம்பி அதே வழியாகத்தான் ரயில் ஓட்டினான். உள்ளே உட்கார்ந்திருந்தது நீங்கள்.

புகார் எழுதத் தெரிந்த கை உங்களுடையது. அடுத்த முறை ரயிலை விட்டு இறங்கியதும் அந்த அதிகாரியின் அறைக்குப் போங்கள். "அது விரிசல் இல்லை, வாய். திறந்து விடுங்கள்" என்று கேளுங்கள். திறக்கும்வரை கேளுங்கள்.