லிசியின் மடி

"உள்ள என்ன இருக்கு?"

பையை வாங்குவதற்கு முன் லிசி கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் காலை டவுன் பஸ். முன்பக்கம் மூன்றாவது வரிசை. ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் நிற்கிறவர்களின் பையை எப்படி வாங்குவதாம்? பூ என்றால் மேலே. டிபன் பாக்ஸ் என்றால் அடியில். முட்டை என்றால் இடுப்புக்கும் கைக்கும் நடுவில். தினமும் இதே பஸ்ஸில் வரும் வைஜயந்தி மாமி துளசி மாலையை நீட்டினால், "பெருமாளுக்கா? அப்ப எதுவும் மேல படக்கூடாது" என்று இடது கையில் தூக்கியே பிடித்துக்கொள்வார். பிடிக்கிறவர் கழுத்தில் கத்தோலிக்கர்கள் அணியும் கார்மேல் மாதாவின் உத்தரியம் தொங்கும்.

வயது ஐம்பதைத் தொடப்போகிறது. வீடு மேலப்புதூரில். பக்கத்திலேயே ஸ்டாப் இருக்க, எதிர்த்திசையில் சென்ட்ரல் வரை நடந்து வந்து ஏறுவார். அங்கே ஏறினால்தான் சீட் கிடைக்கும், சீட் கிடைத்தால்தானே மடி இருக்கும். ஊரார் பையைச் சுமப்பதற்கு இப்படி ஒரு நடையா என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகக்கூட வந்தது. எட்டு வருஷமாக அவர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே ஆபீஸ் போகிறவன் நான். ஒருநாளும் என் பையை அவரிடம் கொடுத்ததில்லை. வீம்புதான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறார். குக்கர் மூடி, குத்துவிளக்கு, சீர்வரிசைக் குடம் என்று எது வந்தாலும் மெஷினை அழுத்திப் பிடித்து எழுத்தெழுத்தாக வெட்டுவார். "கை ஆடுச்சுன்னா ஆயுசுக்கும் கோணப் பேருதான் சார்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை பாலக்கரையில் ஒருவர் முண்டியடித்து ஏறினார். கசங்கிய வேட்டி, கையில் மஞ்சள் துணிப்பை. லிசி வழக்கம்போலக் கையை நீட்டி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாட்டிலுங்க. எங்க வீட்டுல அவளுக்கு மார்ல கட்டி. அதுலேருந்து வெட்டி எடுத்த சதை. திருவானைக்கோயில் லேப்ல குடுக்கணும். சிந்திடுச்சுன்னா மறுபடியும் அவள வெட்டணும்னு சொல்லிட்டாங்க."

வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அந்தக் கூட்டத்தில் நகர இடமே கிடையாது, அப்படியும் நகர்ந்தேன். லிசி மடியிலிருந்த மற்ற பைகளையெல்லாம் ஜன்னலோரப் பெண்ணிடம் தள்ளிவிட்டார். மஞ்சள் பையை மடி நடுவில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெயின்கார்டுகேட் திருப்பத்தில் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்தது. பாட்டில் சாயவில்லை.

அண்ணா சிலை ஸ்டாப்பில் ஒரு கும்பல் இறங்கியது. அவர்களுக்கு வழிவிடுவதற்காக அந்த மனிதரும் கீழே இறங்கியிருக்கிறார். திரும்ப ஏறுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். பஸ் காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் லிசி தலையைத் திருப்பி, "எங்க அவரு?" என்றார். அவர் பஸ்ஸிலேயே இல்லை.

"கண்டக்டர்ட்ட குடுத்துடுங்க, அவர் பாத்துப்பாரு" என்றேன் நான்.

"அவரு என் மூஞ்சியப் பாத்துல்ல குடுத்தாரு சார். கண்டக்டர் மூஞ்சியப் பாத்தா குடுத்தாரு?"

பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் இறங்கிவிட்டார். இறங்கும்போதே, "நீங்களும் வாங்க சார், பக்கத்துலயே நின்னீங்க, அவரு மூஞ்சி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். நானும் இறங்கினேன். பாட்டிலை வெளியே எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, காலிப் பையை என்னிடம் கொடுத்தார். "பின்னாடி பஸ்ஸப் புடிச்சு வருவாரு. நம்மளத் தேடி நேரா ஸ்ரீரங்கம் போயிட்டாருன்னா கஷ்டம். இந்தப் பையப் பாத்தா எறங்கிடுவாரு. நல்லா ஆட்டுங்க."

இஸ்திரி போட்ட சட்டையும் அடையாள அட்டையுமாக, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் மஞ்சள் பையை ஆட்டினேன். ஒரு டிரைவர் திட்டினார். இன்னொருவர் நான் ஏறப்போகிறேன் என்று நிறுத்தி, ஏறவில்லை என்றதும் அதைவிட மோசமாகத் திட்டினார். ஐந்து பஸ் போய்விட்டது. அவர் எதிலும் இல்லை. லிசியின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் நான் புடிக்கட்டுமா?" என்றேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"வேணாம் சார். எனக்கு இது தொழில்" என்றார்.

எட்டு வருஷம் இந்தப் பெண்மணிக்குப் பக்கத்திலா நின்றுகொண்டு வந்திருக்கிறோம் என்று மலைத்துப்போனேன்.

பஸ் பஸ்ஸாகப் பார்த்த நாங்கள் பாலத்து நடைபாதையைப் பார்க்கவில்லை. அதில்தான் அவர் ஓடிவந்துகொண்டிருந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே. "பஸ்ஸுக்காக நிக்க முடியலீங்க" என்றார். பாட்டிலைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார். கைகள் அப்படி நடுங்கின.

லிசி கொடுக்கவில்லை. "மொதல்ல உக்காருங்க. மூச்சு அடங்கட்டும். இது எங்கயும் போகாது." நிழற்குடை பெஞ்சில் அவரை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "அஞ்சலை. உங்க சம்சாரமா? பேர நல்லா அழுத்தி எழுதியிருக்காங்க, அழியல."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு பஸ் போயின. லிசிக்குக் கடை திறந்திருக்கும், முதலாளி திட்டப்போவது நிச்சயம். லிசி அவசரப்படவில்லை.

பிறகு அந்த மனிதரின் வலது கையை எடுத்துப் பாட்டிலின் மேல் வைத்தார். ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டார். இடது கையையும் அப்படியே. பத்து விரலும் இறுகப் பிடித்த பிறகும், அவர் கை நடுக்கம் நிற்கும்வரை, பாட்டிலுக்கு அடியிலிருந்து தன் உள்ளங்கையை லிசி எடுக்கவில்லை.