ஆட்சேபணை ஏதும் வரவில்லை

என் அக்கா சரசுவின் வீட்டுக்காரர் புகழேந்தி, வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அலுவலகத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கீழே அவருக்கு ஒரு கம்ப்யூட்டர். மாடி அறையில் அக்காவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர். ஜாக்கெட் டிசைன் பார்க்கவும், தைக்கக் கொடுத்தவர்களின் அளவைப் பதிந்துவைக்கவும். மாமா இரண்டு வாரம் யூடியூப் பார்த்துவிட்டு, இரண்டையும் நெட்வொர்க்கில் இணைத்தார். 'பொதுக்கோப்பு' என்று ஒரு ஃபோல்டர். கீழே அவர் போடுவது மாடியில் தெரியும். நடுவில் இருப்பதோ பதினாலு படி, ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, மாமா அதை வைஃபையில் செய்தார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கம்மி. கேஸ் புக் செய்தாரா, ஃபோல்டரில் பார். நாளைக்குக் கரண்ட் இருக்காதா, ஃபோல்டரில் பார். கோவிலுக்குக் கிளம்பும் நேரத்துக்குக்கூடச் சுற்றறிக்கை. அக்கா படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். சுற்றறிக்கைக்கு யார் பதில் எழுதுவார்கள்?

போன மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. 'ஆசிரமத்துக்கு வரும் வெளியூர்த் தம்பதிக்கு மாடி அறையை ஆறு மாதம் வாடகைக்கு விட உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். தவறினால் சம்மதமாகக் கருதப்படும்.' வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இதில் 'ஆட்சேபணை உள்ளவர்கள்' வேறு.

ஏழு நாள் முடிந்தது. மாமா அந்தத் தம்பதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். தையல் மெஷினை ஏற்றிப்போக வண்டி கொண்டுவரச் சொல்லி அக்கா எனக்கு போன் செய்தாள். நான் கீழ்பென்னாத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பதினெட்டு வருஷமாக அவள் உட்கார்ந்து தைத்த அறை அது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மாமாவிடம் போய் நின்றேன்.

"என்னா மாமா, அக்கா தைக்கிற ரூமையா குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு ஆட்சேபணையும் வரலையே வேலு. நீயே பாரு, ஃபோல்டர்ல ஒண்ணும் இல்ல."

மெஷினைத் தூக்க மாடிக்குப் போனேன். அக்காவின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஏழு கடிதங்கள், நாளுக்கு ஒன்று. ஒற்றை விரலால் அடித்தவை.

"இதை ஃபோல்டர்ல போடலாம்னா, செவப்பா பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு வந்து நிக்குதுடா. தெனமும் போட்டுப் பாத்தேன்" என்றாள் அக்கா.

மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து எதையெதையோ அழுத்திப் பார்த்தார். பிறகு முகம் சுருங்கிப்போனது. கோப்பில் யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று, மாடிக்குப் 'படிக்க மட்டும்' அனுமதி வைத்தவர் அவரேதான். அடடா, என்ன பாதுகாப்பு. பொண்டாட்டி ஒருத்தியிடமிருந்து அரசாங்க ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, சரசு?"

"சொன்னேங்க. மொத நாளே சோறு போடும்போது சொன்னேன். வாய்மொழியா சொன்னா செல்லாது, ஃபோல்டர்ல போடுன்னீங்க."

மாமா உட்கார்ந்து கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறு கடிதங்களில் மெஷின், ஜன்னல் வெளிச்சம், பொங்கலுக்குத் தர வேண்டிய ஜாக்கெட்டுகள். ஏழாவதில் ஒரே வரி. 'முப்பத்தோரு வருஷத்துல உங்ககிட்ட நான் கேட்டது இந்த ரூம் ஒண்ணுதாங்க.'

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "அவங்கள வர வேணாம்னு சொல்லிடறேன்."

"வேணாங்க. வாக்கு குடுத்துட்டீங்க. நான் தம்பி வீட்லயே தச்சுக்கிறேன்."

"சாயந்திரம் வந்துடுவ இல்ல?"

அக்கா மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் புடிடா" என்றாள் என்னிடம்.