மரியகுழந்தை போட்ட பூட்டு

மரியகுழந்தையின் புருஷன் சகாயம் கோலார் சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தான். ஆறு மாதத் தண்டனையில் நாலாவது மாதம் அது. செய்தி தங்கவயலுக்கு வந்து சேர்ந்தபோது அவனைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவன் மேல் இருந்த குற்றம் தங்கக் கல் திருடியது. சுரங்கத்துக் கல் ஒரு துண்டு வீட்டில் அகப்பட்டாலே ஜெயில்தான். வாட்ச்மேன்கள் வந்து அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்து, அரிசிக்குள் கைவிட்டு, மஞ்சள் கோடு ஓடிய ஒரு கல்லை எடுத்தார்கள். வடார்க்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்தவை தட்டி வீடுகள். மூங்கில் தட்டிதான் சுவர், சாக்குதான் கதவு. பெட்டிக்கும் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம்.

போட்டது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் சகாயம், சுரங்கத்துக்குள் நாலாவது லெவலில் முட்டுக் கொடுத்த மரம் விரிசல் விட்டிருக்கிறது, அங்கே ஆளை அனுப்பாதீர்கள் என்று துரையிடம் நேரே போய்ச் சொல்லியிருந்தான். அங்கே ஆள் அனுப்பிவந்த மேஸ்திரி தங்கவேலுவைத் துரை எல்லோர் முன்னிலும் திட்டினார். தங்கவேலு அதை மறக்கிற ஆள் இல்லை.

சாவுச் செய்தி வந்த மறுநாள் ஏனோக் அவள் வீட்டுக்கு வந்தான். கல்லை எடுத்த வாட்ச்மேன் அவன்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அரிசிக்கு அடியில பாருன்னு மேஸ்திரி எனுக்கு முன்னாடியே சொல்லிட்டான் தங்கச்சி. அது எப்படி அவனுக்குத் தெரியும்னு நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்."

அவள் அழவில்லை. இதைக் கோர்ட்டில் வந்து சொல்வாயா என்று கேட்டாள். வெறும் வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள், கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு என்றான் ஏனோக். அப்படியானால் பிடிக்கலாம் என்றாள் அவள். செத்தவனுக்குத் திருடன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதே பெயரோடு, அதே சிறையில் தங்கவேலுவும் கிடக்க வேண்டும். வேறு எந்தத் தண்டனையும் அவளுக்குப் போதாது.

மாதா கோயில் குருசாமியார் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார். முடித்ததும் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த வாரமே சந்தையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினாள்.

குடியாத்தத்தில் அவளுடைய அப்பா கொல்லர். கல்யாணமாகும் வரை அவருக்குத் துருத்தி ஊதியவள் அவள். உடைந்த பீப்பாயின் இரும்புப் பட்டையில் ஒரு சாண் நீளம் வெட்டி, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வளைத்துக் கொண்டி செய்தாள். பெட்டியின் மூடியிலும் முகப்பிலும் ஆணியால் துளை போட்டாள். மூடியில் கொண்டி, முகப்பில் அது மாட்டிக்கொள்ள ஒரு வளையம். ஆணிகளை வெளியிலிருந்து செருகி, முனைகளை உள்பக்கம் சப்பையாகத் தட்டி மடக்கினாள். அப்படி மடக்கியதை வெளியிலிருந்து நெம்பிப் பிடுங்குவது லேசில் ஆகாது. எந்தப் பூட்டையும் உடைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். உடைக்க நேரம் பிடிக்க வேண்டும், சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தேவை.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா, ஒண்டிக்கட்டைக்குப் பூட்டு எதற்கு என்று கேட்டாள். "அன்னிக்குக் கல்லு வச்சவன் அவனோட பொருள் ஒண்ணை அரிசியில உட்டுட்டுப் போய்க்கீறான்கா. அது இதுக்குள்ள கீது," என்றாள் மரியகுழந்தை. கிருஷ்ணம்மாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அந்தத் தட்டி வீட்டு லைன் முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டு நாளில், அவள் கூலிக்குக் கல் பொறுக்கும் மில்லுக்கே தங்கவேலு வந்தான். அவன் கை அடிக்கடி மடியையும் காதுக் கடுக்கனையும் தொட்டுப் பார்த்துக்கொண்டது. எதை விட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"இன்னாம்மா, பெட்டிக்கெல்லாம் பூட்டு போட்டுக்கீறியாம்?"

"பெரிய தொரைகிட்ட ஒண்ணு குடுக்கணும் மேஸ்திரி. திங்கக்கெழம பெங்களூர்ல இருந்து வந்துருவாராம்."

சனிக்கிழமை காலை அவள் மற்றப் பெண்களோடு வேலைக்குப் போனாள். போனவள் மில்லைச் சுற்றிக்கொண்டு திரும்பி, வேலைக்குப் போய்விட்ட கிருஷ்ணம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். ஏனோக்கும் இன்னொரு வாட்ச்மேனும் முன்பே அங்கே இருந்தார்கள். ஷிப்டுக்கு ஆட்கள் இறங்கிவிட்டதால் லைன் வெறிச்சென்று கிடந்தது. பத்து மணி சுமாருக்குத் தங்கவேலு வந்தான்.

தட்டியின் இடுக்கு வழியே அவனுடைய முதுகு தெரிந்தது. முதலில் பூட்டை இழுத்துப் பார்த்தான். பிறகு உளியை வைத்து அடித்தான். முதல் அடியிலேயே ஏனோக் எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அடி விழுந்துகொண்டே இருந்தது. ஆணி ஒன்றும் அசையவில்லை. அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பதும், மறுபடி அடிப்பதுமாக இருந்தான். சகாயம் விலங்கு போட்டு நடந்த நாளில் தனக்கு எப்படி மூச்சு முட்டியதோ, அப்படி இவனுக்கும் முட்டட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டி பாதி வளைந்த பிறகுதான் கையை விட்டாள்.

வாட்ச்மேன்கள் இருவரும் பாய்ந்துபோய்த் தங்கவேலுவைப் பிடித்தார்கள். ஏனோக் அவன் மடியைச் சோதித்தான். துணியில் சுற்றிய தங்கக் கல் ஒன்று இருந்தது. பெட்டிக்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் இதை வைத்துவிட்டு, அவளையும் பிடித்துக் கொடுக்கக் கொண்டுவந்தது.

தங்கவேலு அவள் காலைத் தேடிக் குனிந்தான். புள்ளைகுட்டிக்காரன் என்றான், புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன் என்றான். அவள் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"காலிதான் மேஸ்திரி. அவரு போனதுல இருந்து இதுல அரிசிகூட இல்ல."

கோலாரில் விசாரணை நடந்த நாள் முழுவதும் அவள் கோர்ட்டு வாசலில் நின்றாள். ஒன்பது மாதம் என்று தீர்ப்பானது. விலங்கு மாட்டிக் கூட்டிப்போகையில் தங்கவேலு தலையைக் குனிந்துகொண்டான். அவள் முன்னால் போய் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். இவனுக்கும் அந்தக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவனுக்கு எதுவும் வரவில்லை. தண்டனை முடிந்து உயிரோடு வெளியே வந்து, ஊரைப் பார்க்கப் போய்விட்டான். அது அவளுக்குக் கடைசி வரை ஆறவில்லை.

தீர்ப்பு நாளன்று, சிறையில் செத்தவர்களை எங்கே புதைப்பார்கள் என்று சிறை வாசலில் ஒரு காவலனைக் கேட்டாள். அவன் முள்வேலிக்கு அப்பால் கையைக் காட்டினான். சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை. வரிசையாக மண் மேடுகள். எது சகாயத்தினுடையது என்று சொல்ல யாருமில்லை. அவள் முதல் மேட்டிலிருந்து கடைசி மேடு வரைக்கும் நடந்தாள். தங்கவேலுவுக்கு ஒன்பது மாசம், தங்கவேலுவுக்கு ஒன்பது மாசம் என்று ஒவ்வொரு மேட்டின் அருகிலும் நின்று, கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.