முடி காணிக்கைக்கு வந்த ஜீன்

ஜீன் ஆராய்ச்சி என்றால் ஏ.சி. அறையில் மைக்ராஸ்கோப் பார்ப்பது என்று நம்பிச் சேர்ந்து, பிறகு ஊர் ஊராகப் பஸ்ஸில் தொங்கிய சக பாவிகளே, தொண்ணூறுகளில் நானும் உங்கள் கட்சிதான். வைட்டமின் டி ஒரு ஹார்மோனாகச் செல்லுக்குள் வேலை செய்ய, அதைப் பிடித்துக்கொள்ளும் ஓர் ஏற்பி வேண்டும். அதன் ஜீன் எந்தக் குரோமோசோமில், எத்தனை துண்டாக இருக்கிறது என்று வரைபடம் போடுவது எங்கள் சென்னை லேபின் வேலை. அந்த ஜீன் பழுதானால் குழந்தைக்குக் கால் வளையும். சிலருக்குத் தலையில் முடியே முளைக்காது. அப்படி ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது என் தலையில் விழுந்தது.

மலைமேல்

முடியில்லாத குழந்தையை எங்கே போய்த் தேடுவது? நான் திருத்தணிக்காரன். மலைக்கோயிலில் மொட்டை போடுகிறவரிடமே கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“ஆங், பொதட்டூர்பேட்டை கொயந்தை ஒண்ணு. சீட்டு வாங்கிகினு வந்து குந்திட்டாங்க. தலையில தண்ணி மட்டும் தடவி அனுப்பிச்சேன். கத்தியே படாம நான் போட்ட மொட்டை அது ஒண்ணுதான் சார்.”

இரண்டு கட்டம்

பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். குழந்தையின் அப்பா நெசவாளி. வம்ச வரைபடத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். குழந்தையின் அம்மாவுக்குத் தாய்மாமன் என்று ஒரு கட்டம், புருஷன் என்று ஒரு கட்டம் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு சார் ரெண்டு? ரெண்டும் நான்தான். அக்கா பொண்ணைத்தான் கட்டிகினேன்.”

ஐஸ் பெட்டி

பன்னிரண்டாம் குரோமோசோமில் ஜீன் இருக்கிறதா, அந்தத் துண்டே காணோமா என்று பார்க்க உயிருள்ள செல் வேண்டும். நானோ குழந்தையின் ரத்தம் பிடித்த சோதனைக் குழாயை ஐஸுக்குள் புதைத்து, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். குளிரில் செத்து, ஒரு செல்கூட வளரவில்லை. அழுத குழந்தையிடம் மறுபடி ஊசியோடு போய் நிற்க வேண்டுமே என்று வெட்கமாக இருந்தது. லேப் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐஸ்ல போட அது என்ன வஞ்சிர மீனா தம்பி?”

முடிவு

இரண்டாம் முறை ஜீன் அதன் இடத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அதன் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, அம்மா வழி, அப்பா வழி இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது. வயிற்றுப்பிள்ளையோடு வேண்டுதலைத் தள்ளிப்போட்டதால்தான் இப்படி என்று புருஷனும் தெருவும் குழந்தையின் அம்மாவைக் குற்றம் சொல்லிவந்தார்கள். கிருத்திகைதோறும் அவள் படியேறிக்கொண்டிருந்தாள். கால்சியம் ஏற்றினால் எலும்பு தேறும், முடி வருவது சந்தேகம் என்றேன். பழுது இரண்டு பேரிடமிருந்தும் பாதிப் பாதி வந்தது, வேண்டுதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட சொல்லி இன்னா சார்? தறியில குந்திகினு கீறாரே, அவருகிட்ட சத்தமா சொல்லுங்க. தெருவுக்கே கேக்கட்டும்.”

குரோமோசோமில் ஒரு ஜீனின் இடத்தைக் காட்ட மைக்ராஸ்கோப் போதும். அதை ஒரு புருஷனுக்குப் புரியவைக்கத் தறிச் சத்தத்தை மிஞ்சும் தொண்டை வேண்டும்.