வில்லன் சாகாத குளிர்காலம்

மார்லிஸ் டோலஃப்ஸன் பகடையை உருட்டுவாள். ஆனால் பார்க்க மாட்டாள். இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருடம் பிடித்தது என்பதில்தான் எனக்கு எரிச்சல். வண்டி எங்கள் ரிப்பேர் கடைக்குள் நுழையும் சத்தத்திலேயே எந்த டயர் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். என் மூக்குக்கு நேரே நடந்தது மட்டும் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊர் ஜேன்ஸ்வில்லில் வார நாட்களில் அவள் பள்ளிக்கூடச் சமையல்காரி. தலையில் வலைத்தொப்பி, கையில் நீளக் கரண்டி, முகத்தில் ஒரு சிடுசிடுப்பு. சனிக்கிழமை மதியம் பௌலிங் கூடத்தின் பின்னறையில் அதே ஆள் பூதம், ராணி, பேசும் நரி, விடுதிக்காரன் எல்லாமாக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் ஃபுட்பால் பார்க்கிற நேரம் போய்விடும் என்பதால் சனிக்கிழமை. சுவருக்கு அந்தப் பக்கம் குண்டு உருண்டு கட்டைகள் விழும். இந்தப் பக்கம் நாங்கள் பொரித்த சீஸைத் தின்றுகொண்டே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஆட்டம் இதுதான். நாங்கள் ஆளுக்கொரு வேஷம். நான் திருடன். டுவேன் கெஸ்லர், தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவன், கோடரி வைத்திருக்கும் குள்ளன். டூ வாங் என்கிற பள்ளிக் கணக்கு வாத்தியார், எங்களில் சின்னவன், மந்திரவாதி. டுவேனின் மனைவி லவோன் காயம் ஆற்றுகிற மருத்துவச்சி. உலகமும் அதில் இருக்கிற எதிரிகளும் மார்லிஸின் பொறுப்பு. யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், யார் அடி யார் மேல் பட்டது என்பதைப் பகடை சொல்லும். எங்கள் இருபது முகப் பகடை மேஜை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி விழும். மார்லிஸின் பகடை ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் விழும். அந்தத் திரைக்குள் எட்டிப் பார்ப்பது அடுத்தவன் பையில் கை விடுவது மாதிரி. யாரும் செய்ய மாட்டோம்.

அவள் நடத்தும் சண்டைகளில் ஒரு விசேஷம் உண்டு. ஜெயிப்போம், ஆனால் நாக்கு வெளியே தள்ளி ஜெயிப்போம். சண்டை சப்பென்று போனால் கதவைத் திறந்துகொண்டு இன்னும் நாலு பூதங்கள் வரும். நாங்கள் சாகக் கிடந்தால் வில்லனுக்குத் திடீரென்று பேச்சு ஆசை வந்துவிடும். அவன் தன் வம்சப் பெருமையை அளந்துகொண்டிருக்கையில் டூவின் மந்திரவாதி எழுந்து உட்கார்ந்துவிடுவான். எப்படி இவ்வளவு சரியாக அமைகிறது என்று கேட்டால், "பகடை விழுந்தது, நான் என்ன பண்ண?" என்பாள். நானும் நம்பினேன். சொன்னேனே, எரிச்சல் என்று.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. யாராவது ஒரு சனிக்கிழமை வர முடியாமல் போனால் அவர்களுடைய வேஷத்தை என்ன செய்வது? நடுக்காட்டில் காணாமல் போக முடியுமா? அதனால் அந்த ஆள் 'குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறான்' என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவோம். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது என் திருடன் ஒரு கோடை முழுக்கக் குதிரை மேய்த்தான். போகப் போக அது எங்கள் கடையிலும் தொற்றிக்கொண்டது. எவனாவது லீவு போட்டால், "அவன் குதிரையைப் பாத்துக்கறான்" என்போம்.

லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் சிரித்தால் பக்கத்து வரிசையில் குண்டு போடுகிறவன் குறி தவறுவான். அவளுக்கு உடம்பு படுத்தியபோது அவளுடைய மருத்துவச்சியும் குதிரைகளிடம் போனாள். வாரங்கள் ஓடின. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சனிக்கிழமை டுவேனின் போனில் அவள் குரல் கேட்டது.

"மார்லிஸ், எத்தனை நாளைக்குடி நான் குதிரைக்குப் புல்லு போடறது? போரடிக்குது. அந்த உப்பு மூஞ்சிக்காரனை விட்டு என்னைக் கடத்திட்டுப் போகச் சொல்லு. ஏதாவது நடக்கட்டும்."

உப்பு மூஞ்சிக்காரன் என்றால் அப்போதைய வில்லன், உப்புச் சுரங்கத்து அரசன் வோர்காத்.

"கடத்தினா மீட்கறது லேசில்லடி," என்றாள் மார்லிஸ்.

"நம்ம ஆளு வருவான். வராம எங்க போவான்? என்ன டுவேன்?"

"வரேன்," என்றான் டுவேன். "கதவை ஒடைச்சு உன்னை வெளிய கூட்டிட்டு வரேன்."

அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்கிற ஆள். அன்றைக்கே வோர்காத் மருத்துவச்சியைத் தூக்கிப் போய்ச் சுரங்கத்துக்குள் அடைத்தான்.

இலை உதிரும் முன்பே லவோன் போய்விட்டாள். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சோடு நின்றுகொண்டிருந்தோம்.  டுவேன் நேராக மார்லிஸிடம் வந்தான்.

"சனிக்கிழமை ஆட்டம் இருக்குல்ல? அவ இன்னும் உள்ளதான் இருக்கா."

 மார்லிஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்புறம்தான் அந்தக் குளிர்காலத்து அநியாயம் ஆரம்பித்தது. வோர்காத் சாக மாட்டேன் என்றான். முதல் தடவை அடித்து வீழ்த்தினோம். உப்புப் புகையாகி மறைந்தான். அடுத்த தடவை பாதாளத்தில் குதித்தான். அதற்கடுத்து டுவேனின் கோடரி அவன் கழுத்தில் இறங்கியது; அதை மேஜையே பார்த்தது. அவன் இரட்டைப் பிறவியாம், விழுந்தது தம்பியாம்!

நான் எழுந்துவிட்டேன். "இது என்ன அநியாயம் மார்லிஸ்? அவன் அப்பன் மொத்தம் எத்தனை பிள்ளை பெத்தான்? இப்பவே சொல்லிடு, எல்லாத்தையும் சேத்துக் கொன்னுட்டு வீட்டுக்குப் போறேன்."

"உக்காருடா வெர்லின். சீஸ் ஆறிடும்."

டூவும் விடவில்லை. "நான் மனசுல கூட்டிட்டே வரேன் மார்லிஸ். நாங்க அடிச்ச அடிக்கு ரெண்டு டிராகன் செத்திருக்கணும். நீங்க எங்கயோ தப்பாக் கழிக்கறீங்க."

"உன் கணக்கையெல்லாம் பள்ளிக்கூடத்துல வெச்சுக்கோ தம்பி."

டுவேன் பகடையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் பாக்கலாம்," என்றான்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. வில்லனைக் கொஞ்சம் ஏற்றுவது இறக்குவதெல்லாம் அவள் கைக்குள் இருக்கிற விஷயம் என்று அரைகுறையாகத் தெரியும். ஆனால் ஏன் இவனை மட்டும் விடாமல் தூக்கி நிறுத்துகிறாள்? அதுவும் டுவேனுக்கு எதிராகவா?

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். ஹீட்டர் என் முதுகைப் பொசுக்குகிறதென்று நான் நாற்காலியை மாற்றிப் போட்ட சனிக்கிழமை அது வந்தது. மார்லிஸுக்குப் பின்னால் பௌலிங் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி. அதில் திரையின் உள்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு நேர் எதிரே அது இருந்தது, நான் என்ன கண்ணையா மூடிக்கொள்வேன்?

பகடை உருண்டது. விழுந்தது இரண்டு. இரண்டென்றால் ஈயைக்கூட அடிக்க முடியாது. "பட்டுது!" என்றாள் மார்லிஸ். அவள் கண் பகடை மேல் இல்லை. டுவேனின் முகத்தின் மேல் இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. டூ கொட்டாவி விடுவதைப் பார்த்தாள், உடனே கூரை இடிந்து விழுந்தது, டூ நிமிர்ந்து உட்கார்ந்தான். திரைக்குப் பின்னால் வோர்காத்தின் உயிர் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இவளுடைய வில்லன்களுக்குச் சட்டியே கிடையாது, அகப்பை மட்டும்தான். யார் அன்றைக்கு இன்னும் வாயைத் திறக்கவில்லையோ அவர்களுக்கு ஒரு நல்ல அடி கிடைக்கும்வரை வில்லன் நிற்பான். கிடைத்ததும் விழுவான். எங்கள் அத்தனை வீரத்தையும் இவள் முகம் பார்த்துப் பரிமாறியிருக்கிறாள்! கோபம் வந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், ஆச்சரியமும் வந்தது.

அன்றைக்கும் வோர்காத் தப்பித்தான். வெளியே வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவளைப் பிடித்தேன்.

"நீ பகடையைப் பாக்கறதே இல்ல."

அவள் சுரண்டலை நிறுத்தவில்லை. "கண்ணாடியா?"

"கண்ணாடிதான்."

"அந்த அலமாரியை நகத்தணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்." கொஞ்சம் சுரண்டினாள். "வெர்லின், ஸ்கூல்ல வரிசை நீளமா இருந்து குழம்பு கம்மியா இருந்தா நான் கரண்டியைச் சாய்ச்சு மொள்ளுவேன். கடைசிப் புள்ளைக்கும் வரணும்ல? பசியோட வந்தவன் மூஞ்சி பாத்தாத் தெரியும், அவனுக்கு அமுக்கி மொள்ளுவேன். அதே கைதான் இங்கயும்."

"சரி தாயே. அந்த வோர்காத்துக்கு மட்டும் ஏன் அண்டாவோட ஊத்தற?"

அவள் கை நின்றது.

"அவன் செத்தா சுரங்கம் திறக்கும். டுவேன் உள்ள போவான். அங்க அவ நிப்பா. அப்ப நான் என்ன பண்றது? லவோன் குரல்ல நான் பேசறதா? என் வாயால அது வருமா?" மூக்கை உறிஞ்சினாள். "அவளை மீட்டாச்சுன்னா அப்பறம் டுவேன் எதுக்கு வரணும்? சனிக்கிழமை ஒருநாள்தான்டா அவன் மனுஷங்க முன்னாடி உக்காந்து சாப்பிடறான். அதையும் நானே முடிச்சு வைக்கணுமா?"

 இன்னொரு சுரண்டியை எடுத்து அந்தப் பக்கக் கண்ணாடியைச் சுரண்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சுரங்க வாசல். மறுபடி வோர்காத். டூ தீயைக் கொட்டினான், நான் முதுகில் குத்தினேன், டுவேன் பகடையை உருட்டினான். இருபது. அதற்கு மேல் எண் கிடையாது. மேஜை அதிர டூ கத்தினான். மார்லிஸ் திரைக்குப் பின்னால் தன் பகடையை உருட்டினாள். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. அவள் டுவேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கோடரி இறங்குது," என்று ஆரம்பித்தாள். "ஆனா அவன் கவசத்துக்கு அடியில இன்னொரு..."

டுவேன் கையை நீட்டித் திரையின் மேல் விளிம்பில் வைத்தான். இழுக்கவில்லை. சும்மா வைத்தான்.

"மார்லிஸ். அவனுக்கு இன்னும் எவ்வளவு உயிர் இருக்கு?"

எங்கள் மேஜையில் யாரும் கேட்காத கேள்வி அது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டைகள் சரிந்தன.

"அதெல்லாம் கேக்கக் கூடாது டுவேன்."

"தெரியும். சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சீஸைப் பார்த்தேன்.

"அவன் நவம்பர்லயே, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முன்னாடியே செத்துட்டான்," என்றாள் மார்லிஸ். "முதல் தடவையே. நான்தான் விடல."

"சொன்னேன்ல!" என்று டூ துள்ளினான். நான் மேஜைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

டுவேனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "எனக்கும் தெரியும். அந்த இரட்டைப் பிறவி வந்தப்பவே தெரியும். எனக்கும் அவசரமில்ல, அதான் சும்மா இருந்தேன். ஆனா நான் வரேன்னு சொன்னேன் மார்லிஸ். அவ எவ்வளவு நாள்தான் அங்க உக்காந்திருப்பா? அவனை விடு, விழட்டும்."

மார்லிஸ் திரையை மடித்தாள். முதல் தடவையாக அந்தப் பக்கம் வெறும் மேஜையாகக் கிடந்தது, ஒரு பகடையும் பாதி தின்ற சீஸ் துண்டும் மட்டும்.

"வோர்காத் விழுந்துட்டான்," என்றாள். குரல் கரகரத்தது. "கதவு உன் முன்னாடி இருக்கு."

"ஒடைக்கறேன்."

"பகடை வேண்டாம். ஒடைஞ்சிடுச்சு. உள்ள இருட்டு. உப்பு வாசனை. மூலையில அவ எழுந்து..." அவள் வாய் திறந்தபடி நின்றது. வார்த்தை வரவில்லை. நரியாகவும் ராணியாகவும் பேசிய வாய்.

"நீ பேச வேண்டாம்," என்றான் டுவேன். "அவ என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும். 'ஏன்டா இவ்வளவு நேரம்?' அதுதான் முதல்ல. அப்பறம் கேப்பா, 'நான் இல்லாதப்ப குதிரைங்களுக்கு யாரு தீனி போட்டா?'"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் போடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களில் ஒருவருக்கும் குதிரைகளின் ஞாபகமே வரவில்லை.

"பாத்தியா," என்றான் டுவேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான், மறைக்கவில்லை. "தலைல அடிச்சுக்கிட்டு மேல ஏறிப் போயிட்டா. வெயில்ல. நான் பின்னாடி வந்து பாக்கறேன், நாலு குதிரைக்கும் தண்ணி காட்டிட்டிருக்கா."

மார்லிஸ் முகத்தைத் துடைக்கும் துணியில் பாத்திரத்துணி வாசனை அடித்தது. அவள் அதை எனக்கும் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். வருவானா? வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போன இடத்தில் டுவேனைப் பார்த்தும் கேட்க வாய் வரவில்லை. சனிக்கிழமை நான் முன்னதாகவே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடி அலமாரியின் மேல் மார்லிஸின் பெரிய கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு கோப்பைகூடத் தெரியாதபடி. திரை பழையபடி நின்றது. டூ வந்தான். டுவேனின் நாற்காலி காலியாக இருந்தது. மார்லிஸ் வாசலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

டுவேன் ஜாக்கெட்டில் பனியை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சீஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கும் முன் யார் யார் இருக்கிறோம் என்று கேட்பது மார்லிஸின் வழக்கம். என்னைக் கேட்டாள். டூவைக் கேட்டாள். குள்ளனைக் கேட்டாள். கொஞ்சம் தயங்கி, "மருத்துவச்சி?" என்றாள்.

டுவேன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"குதிரைங்களைப் பாத்துக்கறா," என்றான். "நீ ஆரம்பி."