கயிறு யார் கையில்

“...பல்லைப் பாக்க வேணாம்டா, சரி. ஆனா கயிறு யார் கையில கீதுன்னாவது பாக்கணுமா இல்லியா?” என்று கேட்டாள் அத்தை. கேட்டது சித்தப்பாவை. நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சித்தப்பா அப்போதுதான் ஒரு பழமொழியை எடுத்து விட்டிருந்தார். மாடு என்றது இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தை. அதில் அத்தையின் தொழிலுக்காக ஒரு வெப் பேஜ் செய்து முடித்து, திரையைப் பெருமையாக அவள் பக்கம் திருப்பியிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

அத்தை, அப்பாவின் அக்கா. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில், எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பரதநாட்டிய உடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை, வெளிநாட்டில் நடனப் பள்ளி நடத்தும் ஓர் அம்மாள் வந்தார். விசிறி மடிப்புகளை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, “ரொம்ப நன்னா இருக்கு. உங்களுக்கு வெப் பேஜ் இருக்கோ? அங்க பேரன்ட்ஸ் எல்லாம் அதைப் பாத்தாத்தான் ஆர்டர் குடுப்பா. நான் சனிக்கிழமை கிளம்பறேன்” என்றார்.

“இருக்கே மேடம். வெள்ளிக்கிழமை வாங்க, காட்டுறேன்” என்றாள் அத்தை, ஊசியில் நூல் கோக்கிற அதே நிதானத்தோடு. அந்த அம்மாள் சந்து முனை திரும்பும்வரை சிரித்த முகமாக நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “வெப் பேஜ்னா இன்னாடி?”

ஆர்டர் கிடைத்தால் இருபது செட் உடைகள். மாதக்கணக்கில் மெஷின் ஓயாது. அந்த இருபது செட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தவை நான்கு நாட்களும், பள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்பில் நான் அரையும் குறையுமாகக் கற்றிருந்த பாடமும்தான். பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது.

சித்தப்பா வடபழனிப் பக்கம் சினிமா செட்டுகளுக்கு வண்ணம் அடிப்பவர். எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பதால் அந்தத் துறைக்கும் அவரே நிபுணர். ‘சும்மா கெடைச்சா எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணு’ என்பது அவர் கொள்கை. செவ்வாய்க்கிழமை ஒரு சிடியோடு வந்தார். வெப் பேஜ் செய்கிற பெரிய சாப்ட்வேர், முப்பது நாள் இலவசம்.

“முப்பத்தோராவது நாள் இன்னாடா பண்ணுவ?” என்றாள் அத்தை.

“அதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்க்கா.”

“அப்பால ரெண்டு படம் மாத்தணும்னா?”

சித்தப்பா சிடியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்துத்தான் அந்தத் தளம் கிடைத்தது. எதையும் எழுதவே வேண்டாம்; படத்தை இழுத்து வைத்தால் போதும், பக்கம் தானாக உருவாகும். பின்னணி ஊதா. மேலிருந்து நட்சத்திரங்கள் பொழிந்துகொண்டே இருக்கும். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் ஓடும். வந்து பார்த்தது நான் ஒருத்திதான், ஆனாலும் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அது நாற்பத்தேழு வரை போயிருந்தது.

அத்தை திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் தைத்த ஆரஞ்சுப் பட்டு உடைக்கு நேர் மேலே, தளத்துக்காரன் தன் பங்குக்கு ஒட்டியிருந்த விளம்பரம் ஒன்று கண்சிமிட்டியது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பத்தே நாளில் தொப்பை குறைய, என்று படித்துச் சொன்னேன்.

“அளவு குடுக்க வர்றவங்கள மொதல்ல தொப்பையக் கொறைச்சிக்கினு வரச் சொல்றானா? எடுத்துடுடி இத்த.”

“எடுக்க முடியாது அத்தை. ஓசில குடுக்குறான்ல.”

அப்போதுதான் சித்தப்பாவின் பழமொழியும் அதற்கு அத்தையின் கயிறும் வந்தன. அதோடு விடவில்லை அவள். “நாளைக்கு அவன் ஷட்டர இழுத்து மூடிக்கினு போயிட்டான்னா இது நம்ம வூட்டுக்கு வருமா?”

வராது. செய்த பக்கத்தை வெளியே எடுக்க அந்தத் தளத்தில் வழியே இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்ததுதான் என் கோபத்துக்குக் காரணம். நட்சத்திரம் பொழியாத பக்கத்தை எவர் பார்ப்பார் என்று அழுதேன். தோசை வேண்டாம் என்றேன். பிறகு மூன்று தின்றேன்.

மிச்சம் இருந்தது நோட்பேட். கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது, வெள்ளைத் தாள் மாதிரி வெறுமையானது. அதனாலேயே நான் அதை மதித்ததில்லை. வியாழக்கிழமை வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டேன். இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிற ஒரு தளத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அடித்தேன். ஓரிடத்தில் தடித்த எழுத்துக்கான குறியை மூட மறந்துவிட்டேன். அங்கிருந்து பக்கத்தின் அடிவரை எழுத்தெல்லாம் பருத்துப்போனது. “இதுக்குத்தான் அந்த விளம்பரம் வேணும்ன்றது” என்றார் சித்தப்பா. படங்கள் தெரியாமல் வெறும் பெருக்கல் குறிகளாக நின்றன. பக்கம் ஒரு போல்டரிலும் படங்கள் வேறொன்றிலும் இருந்ததைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இழுத்து ஒன்றாகப் போட்டேன். ஆரஞ்சுப் பட்டு திரையில் வந்து நின்றது. நான் எழுதியபடி, நான் சொன்ன இடத்தில். நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

விளம்பரம் ஒட்டாமல் இடம் மட்டும் தருகிற வேறொரு இலவசத் தளத்தில் அதை ஏற்றினோம். அசல் என் பென் டிரைவில். வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் நிதானமாகப் பார்த்தார், முகவரியைக் குறித்துக்கொண்டார், யார் செய்தது என்று கேட்டார்.

“எங்க ஆளுதான் மேடம்” என்றாள் அத்தை. எங்க ஆளு. அந்தச் சொல்லை ஒரு வாரம் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு திரிந்தேன்.

பதினைந்து நாளில் இருபது பிள்ளைகளின் அளவுகளும் வந்துவிட்டன. அன்று அத்தை, “அந்த அசலு எதுல கீது, குடு” என்று கை நீட்டினாள். பீரோவுக்குள்ளிருந்து தன் பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அதில் ரேஷன் கார்டு, ஒற்றைத் தோடு, வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. அவள் ஒரு காலத்தில் தி.நகரில் கடை வைத்திருந்ததையும், இடத்துக்காரர் சொல்லாமல் பூட்டை மாற்றிவிட, மெஷினும் தைத்து வைத்த உடைகளும் உள்ளேயே போனதையும் அப்பா சொல்லி நான் அறிந்தது கல்லூரிக்குப் போன பிறகு. அன்று எனக்கு என் பென் டிரைவ்மேல்தான் கண். டப்பாவில் இடம் போதாமல்தான் சாவியை வெளியே எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அத்தை அந்தச் சாவியை எடுத்து, குப்பைக்குப் போகிற வெட்டுத்துணிப் பைக்குள் போட்டாள். அது கிடந்த இடத்தில் பென் டிரைவை வைத்து, மூடியை அழுத்தி மூடினாள்.